ஆங்கில நாட்டின் ஒற்றையடிப் பாதைகள்

எமது கல்லூரியின் துவிச்சக்கர வண்டிக் கொட்டிலை மறந்த பழைய மாணவர் எவரும் இரார். காலை மணி அடிக்குமுன் அங்கு வந்து சாய்ந்த வண்டிகளுட் பல ரலி என்றும் ஹம்பர் என்றும் றட்ஜ் என்றும் பெயர் தாங்கியவை. தந்தையார் ஓடி, தமையனார் ஓடி, ஈற்றில் எம் கைக்கு வந்த ரலி வண்டியின் முகப்பிலே நாரையின் தலை பொறித்த தகடொன்று இருந்தது. அதில் நொட்டிங்ஹாம், இங்கிலாந்து என்னும் சொற்கள் காணப்பட்டன. நொட்டிங்ஹாம் என்னும் ஊரைப் பூகோள நூலிற் படிக்குமுன்னரே நாம் அத்தகட்டிற் படித்துவிட்டோம்.

பின்னர் மேற்படிப்பின் பொருட்டு இங்கிலாந்துக்குச் சென்று, அங்கேயே நெடுங்காலம் வாழ நேர்ந்தபோது அவ்வூரையும் சென்று கண்டோம். ரலி வண்டிகளை அங்கு செய்யும் தொழில் 2002ஆம் ஆண்டோடு முடிவுற்றது. பழைய தொழிற்சாலை நிலத்தின் ஒரு பகுதியிலே நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் புதிய வளாகமொன்று 1999இல் திறக்கப்பட்டது. அதன் பெயர் யூபிலி வளாகம். இந்த யூபிலி மலருக்குக் கட்டுரை வேண்டுமென ஆசிரியர் குழுவினர் எழுதிய கடிதத்தைப் பிரித்தபோது அப்பெயரே முதலில் எம் நினைவுக்கு வந்தது.

எனினும் வண்டியின் வரலாற்றை ஈண்டு நாம் எழுதப் புகவில்லை. அவ்வண்டியை ஓட்டிக்கொண்டும், ஓட்ட இயலாதவிடத்து இறங்கி நடந்தும், அந்நாட்டின் வயல்களையும் மேய்ச்சல் நிலங்களையும் மேட்டு நிலங்களையும் ஒருவர் எவருடைய அனுமதியும் வேண்டாது கடந்து செல்லக் கூடியதாயிருக்கின்றது. இவ்வுரிமை யாது, அஃது எவ்வாறு வந்தது, எவர் அதற்காகச் சிறை சென்றனர் என்பனவற்றை இளைய மாணவர்களும் விளங்கிக்கொள்ளுமாறு கூறுவதே எமது எண்ணம்.

1978ஆம் ஆண்டு மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், எம்முடன் ஒரே வாங்கில் இருந்து படித்த தோழர் ஒருவரும் நாமுமாக டார்பிஷயர் மாவட்டத்திலே முதன்முறையாக நடக்கப் புறப்பட்டோம். கையில் ஒரு தேசப்படம் இருந்தது. அதிற் புள்ளியிட்ட கோடாகக் காட்டப்பட்டிருந்த பாதை இரண்டு வயல்களைக் கடந்து, ஒரு கமக்காரரின் வீட்டு முற்றத்தினூடாகச் சென்றது. படலையடியில் நாம் இருவரும் நின்றுவிட்டோம். எம்மூரிலே பிறர் வளவுக்குள் நுழையுமுன் படலையில் நின்று குரல் கொடுத்தல் வழக்கமன்றோ! “இது ஒருவருடைய வளவு, கேளாமல் எப்படிப் போவது? நாய் வேறு நிற்கும்” என்றார் தோழர். முற்றத்திலே உடை உலர்த்திக்கொண்டிருந்த அம்மையார் எம்மைக் கண்டு, கொட்டிலுக்கு இடப்பக்கமாகப் போகும்படி கையாற் காட்டிவிட்டுத் தம் வேலையைத் தொடர்ந்தார். யார், எங்கிருந்து வருகின்றீர்கள் என்று ஒரு சொல்லும் கேட்கவில்லை. எம் தோழர் அன்றிரவு முழுவதும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

அவ்வம்மையார் எமக்குச் சலுகை காட்டவில்லை. அப்பாதையில் நடப்பதற்கு அவருக்கு எவ்வளவு உரிமை உண்டோ அவ்வளவு உரிமை எமக்கும் சட்டப்படி உண்டு. எமது ஊர்க் காணி உறுதிகளிலே வழிவாய்க்கால் உரித்து என எழுதும் வழக்கத்தை வாசகர் அறிவர். அது குறித்த ஒரு காணிக்காரர் தமது காணிக்குப் போய்வருதற்கு உரிய வழி; அதன் பொருட்டு எத்தனை வழக்குகள் தலைமுறை தலைமுறையாக நடந்தன என்பதையும் அறிவர். ஆங்கில நாட்டின் பொதுவழி உரிமையோ காணியில்லாதவருக்கும் உரியது. வெளியூராருக்கும் வெளிநாட்டாருக்கும் உரியது. நிலம் கமக்காரருடையது, அதன் மேற் செல்லும் வழி எல்லாருடையது. நிலம் விற்கப்பட்டாலும் வழி அதனோடு கூடவே செல்லும். ஒருமுறை பொதுவழியாயின் அது என்றும் பொதுவழியே என்பது அந்நாட்டுச் சட்டத்தின் பழைய கோட்பாடு. பலர் நடவாது விட்டமையால் மட்டும் அவ்வுரிமை இறந்துபடாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இத்தகைய வழிகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 140,000 மைல் ஆகும்.

இவ்வழிகளை எந்த அரசரும் அமைக்கவில்லை. தேவாலயத்துக்குச் சென்றோர், சந்தைக்குச் சென்றோர், ஆலைக்கும் சுரங்கத்துக்கும் வேலைக்குப் போனோர் ஆகியோரின் கால்களே இவற்றை உண்டாக்கின. வண்டியும் குதிரையும் இல்லாத ஏழை மக்கள் குறுக்கு வழியாக நடந்த தடம் நாளடைவில் வழியாயிற்று. பின்பு பொது நிலங்களை வேலியடைத்துத் தனியார் உடைமையாக்கும் சட்டங்கள் வந்தன. 1604 முதல் 1914 வரை இத்தகைய சட்டங்கள் 5,200க்கு மேல் நிறைவேற்றப்பட்டன. அவற்றால் அடைக்கப்பட்ட நிலம் ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர். இன்று பிரயாணிகள் வியந்து புகைப்படம் எடுக்கும் அழகிய பச்சை வேலிகளுட் பல அக்காலத்தில் நாட்டப்பட்டவை என்பதை அவ்வழகில் ஈடுபடுவோர் எண்ணுவதில்லை. 1815இல் இன்னுமொரு சட்டம் வந்தது. சமாதான நீதிவான்கள் இருவர் கூடி, இப்பாதை வேண்டாதது எனக் கூறிவிட்டால் அதை மூடிவிடலாம். நீதிவான்களும் நிலக்கிழார்களும் ஒரே மேசையில் உணவருந்துவோராய் இருந்த காலம் அது. விளைவு எவ்வாறிருந்திருக்கும் என நாம் விரிக்க வேண்டுவதில்லை. இதனை எதிர்த்து மன்செஸ்டர் நகரத்தவர்கள் பழைய பாதைகளைக் காக்கும் சங்கமொன்றை 1826இல் நிறுவினர்.

கவிஞர் வேட்ஸ்வேத் அவர்களை இவ்விடத்துக் குறிப்பிடாது விடின் எமது ஆங்கில ஆசிரியர்கள் எம்மை மன்னியார். மஞ்சட் பூக்களைப் பற்றிய அவரது பாட்டை, அப்பூவை ஒருமுறையும் காணாத நாம் மனனஞ் செய்து ஒப்புவித்தோம். அவரும் தங்கையார் டொரதியும் அப்பூக்களைக் கண்டது 1802 ஏப்பிரில் 15ஆம் நாள், அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் நடந்து வீடு திரும்பும்போதாகும். அக்கவிஞர் தம் வாழ்நாளிலே 175,000 முதல் 180,000 மைல் வரை நடந்திருப்பார் என டி குவின்சி என்னும் எழுத்தாளர் கணக்கிட்டார். அக்கணக்கு எத்துணை நுட்பமானதோ அறியோம். ஆயினும் நாற்காலியில் இருந்தவாறு எழுதியவர் அல்லர் அவர் என்பது தெளிவு.

துவிச்சக்கர வண்டி இக்கதையில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்து சேர்ந்தது. 1878இல் ஹரோகேற் என்னும் ஊரிலே வண்டிச் சுற்றுலாச் சங்கம் தோன்றியது. அப்போதிருந்தது முற்சில்லு ஆளுயரமும் பிற்சில்லு முழ உயரமும் உள்ள வண்டி. அதில் ஏறுவதே ஒரு வித்தை, விழுவது எளிது. 1885இல் ஜோன் கெம்ப் ஸ்டார்லி இரு சில்லும் ஒத்த அளவினவாய், சங்கிலியாற் பிற்சில்லைச் சுழற்றும் வண்டியைச் செய்தார். 1888இல் டன்லப் காற்றடைத்த ரயரைக் கொணர்ந்தார். அதே ஆண்டில் வந்த சட்டமொன்று துவிச்சக்கர வண்டியும் சட்டத்தின் கண்ணில் ஒரு வண்டியே எனத் தீர்த்தது. அதனால் வீதியிற் செல்லும் உரிமை அதற்கு ஐயமின்றிக் கிடைத்தது. ஒற்றையடிப் பாதையிற் செல்லும் உரிமை கிடைக்கவில்லை. இவ்வேறுபாடு இன்றும் முக்கியமானது. பின்னர் அதற்கு வருவோம்.

தொழிலாளர் மலிவான பழைய வண்டிகளை வாங்கக்கூடிய காலம் வந்ததும் நகரங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வெறுமையாயின. புகைபோக்கிகள் நிறைந்த மன்செஸ்டரிலும் ஷெபீல்டிலும் ஆறு நாட்கள் ஆலைக்குள் அடைபட்டிருந்த இளைஞரும் யுவதிகளும் ஏழாம் நாள் புகையிரதத்திலும் வண்டியிலுமாக மலைப்புறம் நாடினர். 1930இல் இளைஞர் விடுதிச் சங்கம் தோன்றியபின் ஒரு இரவு தங்குதற்கு ஒரு சிலிங் போதுமானதாயிற்று. காலையிற் புறப்படுமுன் கோப்பை கழுவுதல், கூட்டுதல் முதலிய பணிகளைச் செய்துவிட்டே செல்லல் வேண்டும். காலாலோ வண்டியை உழக்கியோ வருவோர்க்கே அக்காலத்தில் இடம். மோட்டார் வண்டியில் வருவோர்க்கு இல்லை. இவ்விதியை அமைத்தோரை நாம் மனமாரப் பாராட்டுகின்றோம்.

மலைப்புறத்தை அடைந்தோர்க்கு அங்கே வேறொரு தடை காத்திருந்தது. மன்செஸ்டருக்கும் ஷெபீல்டுக்கும் இடையே கிடப்பது கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டு நிலம். அதன் உயரம் 636 மீற்றர், அதாவது 2,087 அடி. எமது மலைநாட்டோடு ஒப்பிடின் சிறு குன்றே. மேலே மரமில்லை, கரிய சேற்று நிலமும் ஒருவகைச் செடிப் புதரும் பாறைகளுமே உள. அப்புதருள் வாழும் குரூஸ் என்னும் பறவையை ஆகஸ்ட் 12ஆம் நாள் முதற்கொண்டு சுட்டு வேட்டையாடுதல் பிரபுக்களின் பொழுதுபோக்கு. கிண்டரின் பெரும்பகுதி டெவன்ஷயர் கோமகனுக்கு உரியதாய் இருந்தது. ஆண்டில் சில நாட்களே நிகழும் வேட்டைக்காக ஆண்டு முழுவதும் மக்கள் விலக்கப்பட்டனர். தடியுடன் காவலர் நின்றனர். மலைகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் மசோதாவை ஜேம்ஸ் பிறைஸ் என்பார் 1884இலேயே பாராளுமன்றத்திற் கொணர்ந்தார். அது நிறைவேறவில்லை, பின்னர் மீண்டும் மீண்டும் கொணர்ந்தபோதும் நிறைவேறவில்லை.

அந்நிலையிலே 1932 ஏப்பிரில் 24ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, ஏறத்தாழ 400 பேர் ஹேபீல்ட் கிராமத்தின் அருகேயுள்ள ஒரு பழைய கல்லுடைப்புக் குழியிற் கூடினர். அவர்களுக்குத் தலைமை தாங்கிய பெனி ரொத்மன் என்னும் இளைஞருக்கு வயது 20. அவர் மன்செஸ்டரைச் சேர்ந்த தொழிலாளி. புகையிரத நிலையத்திலே பொலிசார் தம்மைத் தடுப்பர் என எண்ணி, அவர் அன்று துவிச்சக்கர வண்டியிலேயே ஹேபீல்டுக்கு வந்து சேர்ந்தார். கல்லின் மேல் ஏறி நின்று பேசிவிட்டு, அனைவரையும் வில்லியம் பள்ளத்தாக்கு வழியே அழைத்துச் சென்றார். அங்குள்ள பாதை 1897இலேயே பொதுவழியாகத் திறக்கப்பட்டது. அதில் நடப்பதாற் குற்றமில்லை. ஒரு குறியீடு கிடைத்ததும் அவர்கள் பாதையை விட்டு விலகி, தடுக்கப்பட்ட சரிவில் ஏறினர். காவலர் தடியை ஓங்கினர், கைகலப்பு நிகழ்ந்தது, காவலர் ஒருவர் காலிற் காயமுற்றார். மற்றையோர் மேலேறிக் கூடி மகிழ்ந்து, வந்த வழியே திரும்பியபோது பொலிசார் காத்திருந்தனர்.

அறுவர் கைதாயினர். பிறர் நிலத்தில் அத்துமீறி நுழைதல் அக்காலச் சட்டப்படி தண்டிக்கத்தக்க குற்றமன்று. நிலச் சொந்தக்காரர் நட்டஈடு கேட்டு வழக்காடலாம், அவ்வளவே. ஆதலால் கலகம் விளைத்தல், தாக்குதல் என்னும் குற்றங்கள் சாட்டப்பட்டன. யூலை மாதத்திலே டார்பி நகரில் வழக்கு நடந்தது. ஒருவர் விடுவிக்கப்பட்டார், ஐவருக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை. ரொத்மனுக்கு நான்கு மாதம். மலையில் நடந்தமைக்குச் சிறையா என நாடெங்கும் பலர் வினவினர். நடைச் சங்கங்களின் தலைவர்களுட் பெரும்பாலோர் இச்செயலை முன்னர் எதிர்த்தவர்களே. நிலக்கிழாரோடு நயமாகப் பேசிப் பெறவேண்டியதை இவ்விளைஞர் கெடுத்துவிட்டனர் என்பது அவர்கள் கட்சி. இன்றும் வரலாற்றாசிரியர் இரு பக்கமும் பேசுவர். எமது கருத்து வேறு. 1884 முதல் நயமாகப் பேசியவர்களுக்குக் கிடைத்தது யாது? சிறைக் கதவு மூடிய ஓசை கேட்ட பின்னரே பலர் காது கொடுத்தனர்.

விந்தை யாதெனில், அதே 1932ஆம் ஆண்டிலேயே பாராளுமன்றம் வேறொரு சட்டத்தை நிறைவேற்றியது. ஒரு வழியிலே பொதுமக்கள் தடையின்றி, ஒளிவின்றி, அனுமதி கேளாது 20 ஆண்டுகள் நடந்துவந்தால் அது பொதுவழி எனக் கொள்ளப்படும் என அது விதித்தது. அவ்விதி 1980ஆம் ஆண்டின் பெருந்தெருச் சட்டத்தினூடாக இன்றும் நிலவுகின்றது. இதற்கு விதிவிலக்கும் உண்டு: நிலச் சொந்தக்காரர் இது பொதுவழியன்று என அறிவித்தல் நாட்டியிருப்பின் அவ்வுரிமை தோன்றாது.

உலகப்போர் முடிந்தபின் 1949இல் தேசிய பூங்காக்கள் சட்டம் வந்தது. கிண்டர் ஸ்கவுட் அடங்கிய பீக் மாவட்டம் 1951இல் நாட்டின் முதலாவது தேசிய பூங்காவாயிற்று. ஹேபீல்டுக்கு அண்மையிலுள்ள ஈடேலிலிருந்து ஸ்கொத்லாந்து எல்லைவரை 268 மைல் நீளும் பெனைன் நடைவழி 1965 ஏப்பிரில் 24ஆம் நாள், கிண்டர் நிகழ்ச்சியின் 33ஆம் ஆண்டு நிறைவன்று, திறந்துவைக்கப்பட்டது. மலைகளிலும் மேட்டு நிலங்களிலும் பாதையை விட்டு விலகியும் விரும்பியவாறு நடக்கும் உரிமை 2000ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்து, 2005இல் இங்கிலாந்து முழுவதும் நடைமுறைக்கு வந்தது. 2002 ஏப்பிரிலில், கிண்டர் நிகழ்ச்சியின் 70ஆம் ஆண்டு விழாவிலே, அன்றைய டெவன்ஷயர் கோமகன் நேரில் வந்து, தம் பாட்டனார் காலத்தில் நடந்தது தவறென ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். ரொத்மன் அவ்வாண்டு சனவரியிலேயே காலமாகிவிட்டார்.

1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயன் பூங்காக்களோடு நின்றுவிடவில்லை. ஒவ்வொரு மாவட்டச் சபையும் தன் எல்லைக்குட்பட்ட பொதுவழிகள் அனைத்தையும் அளந்து ஒரு படத்திற் பதிய வேண்டுமென அது கட்டளையிட்டது. கிராமந்தோறும் ஊரவர் நடந்து பார்த்து விபரங் கொடுத்தனர். அப்படத்திற் பதியப்பட்ட வழி நீதிமன்றத்தில் மறுக்கவியலாச் சான்று. ஊக்கமுள்ள ஆசிரியரோ குருவானவரோ இருந்த கிராமத்தில் ஒழுங்கைகூட விடுபடவில்லை. சபையின் தலைவர் தாமே பெருங்கமக்காரராய் இருந்த சில இடங்களில் விடுபட்டவை பல. இக்குறையின் விளைவை ஈற்றிற் கூறுவோம்.

இனி, அங்கு செல்லும் எம் மாணவர்களுக்குப் பயன்படுமாறு சில கூறுவோம். முதல் வேண்டுவது ஓட்னன்ஸ் சேவே என்னும் அரச நில அளவை நிறுவனத்தின் செம்மஞ்சள் உறையிட்ட 1:25,000 அளவுப் படம். அதில் ஒவ்வொரு வயலின் வேலியும் காட்டப்பட்டிருக்கும். பச்சை நிறத்துக் குறுங்கோடுகள் நடைபாதை, நெடுங்கோடுகள் குதிரைப் பாதை. இக்காலக் கைத்தொலைபேசியிலும் படம் உண்டு. மழையில் நனைந்து அது கண்மூடிவிட்டால் தாளே துணை. பாதை ஓரத்து மரத்தூண்களிலே மஞ்சள் அம்பு நடப்போருக்கு மட்டும் உரியதையும், நீல அம்பு குதிரைக்கும் உரியதையும் காட்டும்.

துவிச்சக்கர வண்டிக்காரர் நோக்க வேண்டியது இந்நீல அம்பையே. 1968ஆம் ஆண்டுச் சட்டம் குதிரைப் பாதைகளில் வண்டியோட்டும் உரிமையை அளித்தது; ஆயின் நடப்போருக்கும் குதிரைக்கும் வழிவிடல் வேண்டும். மஞ்சள் அம்புள்ள பாதையில் வண்டியோட்ட உரிமை இல்லை. இவ்வேறுபாடு இன்றைய நிலையில் நியாயமானதன்று என்பது எமது எண்ணம். அகன்ற உறுதியான பாதை மஞ்சளாகவும், சேறு முழங்காலளவு நிற்கும் பாதை நீலமாகவும் இருப்பதை எத்தனையோ முறை கண்டோம். பண்டு எவர் எதில் நடந்தனர் என்பதே சட்டத்தின் கணக்கு. இன்று எது தகும் என்பது அன்று.

எஞ்சியவை ஒழுங்கைகளும் பழைய இருப்புப்பாதைகளுமே. ஒழுங்கைகள் இருபுறமும் உயர்ந்த வேலியோடு வளைந்து வளைந்து செல்வன, வண்டியோட்ட இன்பமானவை. ஆயினும் வேகத்தடைப் பலகை இல்லாத ஒழுங்கையில் மோட்டார் வண்டிகள் மணிக்கு 60 மைல் வேகத்தில் வரச் சட்டம் இடந்தருகின்றது என்பதை மறத்தல் ஆகாது. நடப்போர் வலப்பக்கமாக, எதிர்வரும் வண்டியைக் காணுமாறு செல்க. மூடப்பட்ட இருப்புப்பாதைகள் பல இன்று தண்டவாளம் நீங்கி வண்டிப் பாதைகளாகியுள்ளன. ஹேபீல்ட் புகையிரத நிலையம் 1970இல் மூடப்பட்டது. முன்னர் ஆயிரக்கணக்கான நடைக்காரரை ஏற்றிவந்த அந்த இருப்புப்பாதை இப்போது நியூ மில்ஸிலிருந்து ஹேபீல்ட்வரை இரண்டரை மைல் நீளமான பசுஞ்சோலைப் பாதை. நாம் பன்முறை அவ்வழியே வண்டியில் சென்று, ஹேபீல்டில் வண்டியைப் பூட்டிவிட்டுக் கிண்டருக்கு ஏறியிருக்கின்றோம்.

வேலிகளைக் கடப்பதற்கு அமைத்த படிக்கட்டைக் கண்டதும் எமக்கு ஊர்க் கடப்பு நினைவுக்கு வந்தது. மனிதர் ஏறிக் கடக்கலாம், ஆடுமாடு கடக்கவியலாது, நோக்கம் ஒன்றே. வேறொருவகைப் படலையும் உண்டு. வளைந்த அடைப்புக்குள் ஆடும் அப்படலை ஒருவரை மட்டும் ஒரு நேரத்தில் விடும். அதற்கு முத்தப் படலை என்று பெயர். படலை இருபக்கத் தூணையும் மெல்லத் தொடுவதால் வந்த பெயர் என அறிஞர் கூறுவர். இளைஞர் கூறும் விளக்கம் வேறு. அது யூபிலி மலருக்கு ஏற்றதன்று.

கமக்காரருக்கும் கடமைகள் உள. வயலின் நடுவே செல்லும் பாதையை அவர் உழலாம். ஆனால் உழுது 14 நாட்களுள், நடப்பதற்கு ஏற்றவாறு குறைந்தது ஒரு மீற்றர் அகலத்துக்குச் சமப்படுத்தல் வேண்டும். வயலோரப் பாதையை உழவே கூடாது. நாம்பன் மாடுகளைப் பற்றியும் 1981இல் சட்டம் வந்தது. பத்து மாதத்துக்கு மேற்பட்ட பாற்சாதி நாம்பனைப் பொதுவழி செல்லும் வயலில் விடலாகாது. இறைச்சிச் சாதி நாம்பனைப் பசுக்களோடு சேர்த்து விடலாம். எதிரே வரும் நாம்பன் எச்சாதி என்பதை நின்று ஆராய எமக்கு ஒருபோதும் துணிவு பிறந்ததில்லை.

பாதையை மறிப்பாரும் இல்லாமலில்லை. ஓராண்டு செத்தெம்பர் மாதம், படத்தில் தெளிவாகக் காட்டப்பட்ட பாதை ஒன்றில் சென்றபோது, தலைக்குமேல் வளர்ந்த சோளப்பயிர் சுவர்போல் நின்றது. வழியை விட்டு விதைக்க வேண்டியவர் விடாது விதைத்திருந்தார். வேலி ஓரமாகச் சுற்றிச் செல்ல எண்ணினோம். “சுற்றிப் போனால் அவர் செய்தது சரியென்று நாம் ஒப்புக்கொண்டதாகும், நீர் பின்னால் வாரும்” என்று கூறி, எம் தோழர் திசைகாட்டியைப் பார்த்தபடி சோளத்தை விலக்கிக்கொண்டு நடந்தார். படலையடியில் நாய்க்கு அஞ்சி நின்ற அதே தோழர்தாம்! மறுநாள் மாவட்டச் சபைக்கு எழுதினோம். பதில் வர நான்கு மாதம் சென்றது. அடுத்த கோடையில் ஒரு மீற்றர் அகலத்திற் பாதை விடப்பட்டிருந்தது.

அத்தோழர் ஓய்வு பெற்றபின் பாதை காக்கும் சங்கமொன்றின் தொண்டராகி, தம் ஊர்ப் பாதைகளை ஆண்டுதோறும் நடந்து பார்த்து, ஒடிந்த கடப்பு, சாய்ந்த தூண், வளர்ந்த முட்செடி ஆகியவற்றை எழுதி அனுப்பி வருகின்றார். சட்டைப்பையிற் சிறிய கத்தரிக்கோல் ஒன்று எப்போதும் உண்டு.

இப்போது அவர் ஈடுபட்டிருப்பது முன்னர் நாம் கூறிய குறையைத் தீர்க்கும் பணி. சான்றுப்படத்திற் பதியாது விடப்பட்ட பழைய வழிகளை, உரிய ஆதாரத்தோடு 2026 சனவரிக்கு முன் பதிவு செய்யாவிடின் அவ்வுரிமை அற்றுப்போகும் என 2000ஆம் ஆண்டுச் சட்டம் தவணை விதித்தது. இருபத்தைந்து ஆண்டு நெடுங்காலம் என அன்று பலரும் எண்ணினர். 2020இல் நடைச் சங்கத்தின் அழைப்பை ஏற்று ஆயிரக்கணக்கான தொண்டர்கள் பழைய படங்களையும் புதிய படத்தையும் ஒப்பிட்டு நோக்கினர். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 49,000 மைலுக்கு மேற்பட்ட வழிகள் விடுபட்டிருக்கலாம் எனக் கண்டனர். தவணை முதலில் 2031வரை நீட்டப்பட்டது. பின்னர், அதை முற்றாக நீக்கவே எண்ணியுள்ளதாக அரசாங்கம் 2024 திசெம்பரில் அறிவித்தது. அறிவித்தல் வேறு, சட்டமாதல் வேறு என்பதைத் தோழர் நன்கறிவார். சபைகளிலோ விண்ணப்பங்கள் ஆண்டுக்கணக்கில் தேங்கிக் கிடக்கின்றன.

தம் ஊரிலிருந்து பழைய ஆலைக்குச் செல்லும் ஒழுங்கை ஒன்றினை, 1840களில் தேவாலய வரிக்காக வரைந்த படத்திலே அவர் கண்டுபிடித்தார். ஊர் ஆவணங்களைத் தேடி, அவ்வழியே ஆலைக்குப் போனதைத் தம் பெற்றோர் சொல்லக் கேட்ட முதியோரிடம் எழுத்திற் சான்று வாங்கி, கோவை ஒன்று கட்டி விண்ணப்பித்தார். அது இன்னும் வரிசையில் நிற்கின்றது. சென்ற இலையுதிர் காலத்தில் எம்மையும் அங்கு அழைத்துச் சென்றார். இருபுறமும் பழைய கல்வேலி, நடுவே முட்செடி. முக்கால் மைல் சென்றதும் முட்கம்பி குறுக்கே கட்டப்பட்டிருந்தது. அதற்கு அப்பால் ஒழுங்கை தெளிவாகத் தெரிந்தது. நாம் இருவரும் எழுபதைத் தாண்டியவர்கள். கம்பியைத் தாண்டும் எண்ணம் எமக்கில்லை. தோழர் கடிகாரத்தைப் பார்த்துத் தம் குறிப்புப் புத்தகத்தில் நாளையும் நேரத்தையும் எழுதினார். ஒவ்வொரு மாதமும் அவ்வாறே எழுதி வருவதாகக் கூறிவிட்டு, தேநீர்க் குடுவையைத் திறந்து எமக்கும் ஊற்றித் தந்தார்.